மலையகத்தில் வீட்டுக்குச் சோலார்: எந்தத் திட்டம், எந்தக் கம்பனி?

டிக்கோயா_மேல்பிரிவு

வணக்கம். டிக்கோயாவில் சொந்தக் காணியில் கட்டிய வீடு. மாதம் 200 முதல் 220 அலகு போகிறது. சிங்கிள் பேஸ், 30 ஆம்பியர். அஸ்பெஸ்டாஸ் சீட் கூரை, ஒரு பக்கம் கிழக்கே சரிகிறது, மறுபக்கம் மேற்கே. மேற்குப் பக்கம் கிரவில்லியா மரங்கள் நிற்கின்றன.

5 கிலோவாட்டுக்கு மூன்று கம்பனிகளிடம் விலை கேட்டேன். மூவரும் 550 வாட் பேனல் 10 போடுவதாகச் சொல்கிறார்கள். ஒருவர் மாதம் 600 அலகு வரும் என்கிறார், அடுத்தவர் 520, மூன்றாமவர் 430. 600 சொல்பவரின் விலைதான் குறைவு. எதை வைத்துத் தெரிவுசெய்வது?

இன்னொன்று. லண்டனில் பசுமை மின்சாரம் விற்கும் கம்பனியை வீட்டுக்காரரே தெரிவுசெய்யலாமாம். இங்கே அப்படி ஏதும் வழி உண்டா?

கம்பத்து_லைன்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இங்கே அந்த வழி இல்லை. வீடுகளுக்கு மின்சாரம் விநியோகிப்பது இலங்கை மின்சார சபை, அதைவிட்டால் லெகோ (லங்கா மின்சாரக் கம்பனி). லெகோ கோட்டே, நுகேகொடை, மொறட்டுவை, நீர்கொழும்பு, களுத்துறை, காலி என்று கரையோரத்தோடு நின்றுவிடும். மலையகத்துக்குச் சபையின் லைன் மட்டும்தான். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைப் பிரிக்க வழி செய்தது. நான் சபை என்று சொல்வது, பிரிந்தபின் அதன் விநியோக வேலையை ஏற்கும் நிறுவனத்தையும் சேர்த்துத்தான். ஆனால் வீட்டுக்காரர் தன் விற்பனையாளரை மாற்றிக்கொள்ளும் சந்தை இன்னும் வரவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. 1950இல் தொடங்கிய லக்ஷபான தொகுதி அந்தத் தண்ணீரில்தான் ஓடுகிறது. ஆனாலும் வறட்சியிலும் இரவு உச்ச நேரத்திலும் உங்கள் கம்பியில் வருவதில் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் கலந்திருக்கும். அதைப் பிரித்து வாங்க முடியாது. உங்கள் கையில் இருப்பது இரண்டு தெரிவு: கூரைக்கு எந்தத் திட்டம், அதைப் பொருத்த எந்தக் கம்பனி.

திட்டம் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட் மீட்டரிங்கில் காசு கைக்கு வராது, மிஞ்சிய அலகு அடுத்த மாதத்துக்குப் போகும். நெட் அக்கவுண்டிங்கில் எடுத்ததும் கொடுத்ததும் முதலில் அலகுக்கு அலகு கழியும், மிஞ்சியதற்குச் சபை காசு தரும். நெட் ப்ளஸில் கூரையில் விளைவது முழுவதையும் சபைக்கு விற்கிறீர்கள், வீட்டுப் பாவனைக்கு வழக்கம்போல பில் வரும்.

2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது கொடுத்த விலை முதல் 7 வருடத்துக்கு அலகுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15 ரூபா 50 சதம். அதன் பிறகு விலை பல முறை மாறியது. 2025இல் 5 கிலோவாட் வரைக்கும் 20 ரூபா 90 சதம், 5 முதல் 20 கிலோவாட் வரைக்கும் 19 ரூபா 61 சதம் என்று வைத்தார்கள். கம்பனிக்காரர் தாளில் என்ன எழுதியிருந்தாலும், சபையோடு செய்யும் 20 வருட ஒப்பந்தத்தில் இருக்கும் எண்தான் உங்களுக்குச் செல்லும். கையெழுத்துக்கு முன் ஏரியா அலுவலகத்தில் அன்றைய விலையைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம்.

210 அலகு எடுக்கும் வீட்டுக்கு நெட் அக்கவுண்டிங்தான் பொருந்தும். வீட்டுப் பாவனை 180ஐத் தாண்டினால் தாண்டிய அலகுகள் ஆகக் கூடிய விலைப் படியில் விழும். நெட் ப்ளஸில் போனால் அந்த விலைக்கு வாங்கிக்கொண்டு, உங்கள் மின்சாரத்தைக் குறைந்த விலைக்கு விற்பீர்கள்.

கணக்கப்பிள்ளை

600 அலகு என்பவரை இப்போதே தள்ளிவிடுங்க. 600ஐ 5ஆல் வகுத்தால் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 120. அது கரையோரத்துக்கும் உலர் வலயத்துக்கும் போடுற கணக்கு. டிக்கோயா, ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுற இடம். இங்கே 85 முதல் 95 என்று போடுங்க. மூன்றாமவர் சொன்ன 430ஐ வகுத்தால் 86. அந்த மூன்று பேரில் உங்க மலையைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் அவர்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். குளோபல் சோலார் அட்லஸ் இலவசம். உங்க வீட்டுப் புள்ளியில் தட்டி, சரிவுக் கோணம், திசை கொடுத்தால் மாதவாரியாக எண் வரும். அது பெரிய மலைத்தொடரின் நிழலைக் கணக்கில் எடுக்கும். உங்க கிரவில்லியா மரம் அதுக்குத் தெரியாது, அதை நீங்கதான் கழிக்கணும். கம்பனியிடமும் 12 மாதத்துக்கும் தனித்தனி எண் உள்ள அட்டவணை கேளுங்க. ஜூன், ஜூலையை மார்ச்சுக்குச் சமமாகப் போட்டுத் தருபவர் மஸ்கெலியாப் பக்கம் ஒரு மழைக்காலத்தைக்கூடக் கணக்கில் எடுக்காதவர்.

குளிரில் பேனல் நல்லா வேலை செய்யும் என்று சொல்வாங்க. உண்மைதான். கொழும்பில் 65 பாகை சூடாகுற பேனல் இங்கே 45இல் நின்றால், பாகைக்கு 0.35 வீதம் என்று 7 வீதம் கூடும். ஆனால் மேகத்தில் போறது அதைவிட அதிகம். அந்த 7 வீதத்தைக் காட்டி 120 என்று எழுத முடியாது.

இனி அளவு. 5 கிலோவாட் வேணுமா என்று பாருங்க. ஒரு கிலோவாட்டுக்கு 88 என்று வைத்தால் 3 கிலோவாட்டில் 264 வரும், உங்க 210ஐ மூடிவிடும். மிச்ச 2 கிலோவாட்டில் வர்ற 176 அலகு முழுக்க சபைக்குத்தான் போகும். 20.90ஆல் பெருக்கினால் மாதம் சுமார் 3,680 ரூபா, வருடத்துக்கு 44,000 சொச்சம். 3 கிலோவாட் விலைக்கும் 5 கிலோவாட் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த 44,000ஆல் வகுத்துப் பாருங்க. 7 வருடத்துக்குள் வந்தால் 5 போடுங்க, அதுக்கு மேலே என்றால் 3 போதும்.

அதுக்கும் முன்னாடி சுடுதண்ணீர். டிக்கோயாவில் குழாய்த் தண்ணீர் 18 பாகை அளவில்தான் வரும். நாளைக்கு 100 லீட்டரை 42 பாகைக்கு ஏற்ற 2.8 அலகு வேணும், மாதத்துக்கு 84. உங்க 210இல் பெரும் பங்கு குளியலறையில் போகுது. வெற்றிடக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர், 150 லீட்டர், வெயில் மாதங்களில் அதை முழுசாகவே எடுத்துக்கொள்ளும். தட்டை வகையைவிடக் குழாய் வகை குளிர் இடத்துக்குத் தோது. மழை மாதத்துக்கு உள்ளே இருக்கும் மின் சுருள் உதவும்.

ஊவா_வெயில்

மேலே சொன்ன 85–95 மேற்குச் சரிவுக்குத்தான். பண்டாரவளை, வெலிமடை, பதுளை ஆட்கள் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை நல்ல வெயில், மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. 100 முதல் 110 எடுக்கலாம். ஒரே கம்பனி ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் அதுவே போதிய சாட்சி.

இங்கே பிரச்சினை காற்று. அப்புத்தளைக் கணவாய்ப் பக்கம் ஜூன், ஜூலையில் அடிக்கும் காற்று பேனலுக்கு அடியில் புகுந்து தூக்கும். கூரை விளிம்பிலிருந்து ஓரடியாவது உள்ளே தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். பேனலுக்கும் அது உட்காரும் உலோக ரெயிலுக்கும் இடையே மட்டுமல்ல, ரெயிலுக்கும் கூரை மரத்துக்கும் இடையே எத்தனை பிடி போடுகிறார் என்று எண்ணிக் கேளுங்கள்.

வயரிங்_மேசை

இனி பொருத்தும் வேலை. மலையகத்தில் சோலார் கெட்டுப்போகும் இடங்கள் கொழும்பில் கெடும் இடங்கள் அல்ல.

குளிர் வோல்ட்டேஜ். பேனல் குளிர்ந்தால் வோல்ட்டேஜ் ஏறும், பாகைக்கு 0.27 வீதம் அளவில். 550 வாட் பேனலின் திறந்த சுற்று வோல்ட்டேஜ், அதாவது எதையும் ஓட்டாமல் நிற்கும்போது உள்ள வோல்ட்டேஜ், 49.8 என்று வையுங்கள். 550 வோல்ட் உச்சமுள்ள இன்வெர்ட்டரில் (பேனலின் டி.சி.யை வீட்டுக்குரிய ஏ.சி.யாக மாற்றும் பெட்டி) 11 பேனலைத் தொடராகப் போட்டு, 11 × 49.8 = 547.8, சரியாக இருக்கிறது என்பார்கள். அந்த 49.8 என்பது 25 பாகையில் அளந்தது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் 5 பாகைக்கு இறங்கும், பனி உறைந்து கருகும் நாளும் உண்டு. 5 பாகையில் அதே 11 பேனல் 577 வோல்ட். மேகமில்லாத காலையில் சூரியன் மலைக்கு மேலே சட்டென்று ஏறும் நேரத்தில் இன்வெர்ட்டரின் உள்ளீடு எரிந்துபோகலாம். உத்தரவாதமும் போகலாம், ஏனென்றால் வரம்பு மீறியது இன்வெர்ட்டரின் நினைவகத்தில் பதிந்திருக்கும். உங்கள் ஊரின் ஆகக் குறைந்த வெப்பநிலைக்குக் கணக்குப் போட்ட தாளைக் கேளுங்கள்.

கரண்ட்டையும் பாருங்கள். இப்போது வரும் பெரிய செல் பேனல்களில் 13 ஆம்பியருக்கு மேல் ஓடும். பழைய மொடல் இன்வெர்ட்டர் சிலவற்றின் உள்ளீடு 12.5 ஆம்பியரோடு நின்றுவிடும். மிச்சம் வீண். தள்ளுபடி விலையில் வரும் இன்வெர்ட்டரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிழக்கும் மேற்கும் உள்ள கூரையை ஒரே தொடரில் கோக்கக் கூடாது. இரண்டு எம்.பி.பி.டி. (ஒவ்வொரு தொடரையும் தனியாகக் கவனிக்கும் உள்ளீடு) உள்ள இன்வெர்ட்டர் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனித் தொடராக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 5 பேனலுக்குக் குறைய வேண்டாம். 3 பேனல் என்றால் மப்பான காலையில் இன்வெர்ட்டர் விழிக்கும் வோல்ட்டேஜே வராது.

எம்.சி.4 கனெக்டர், அதாவது பேனல் கேபிள்களை இணைக்கும் முனை. பேனலோடு வருவது ஒரு கம்பனி, கடையில் வாங்கிப் பூட்டுவது இன்னொரு கம்பனி என்றால் பொருந்தியது போலத் தெரியும், உள்ளே தொடுகை சரியாக இராது, சூடாகி உருகும். இரண்டு முனையும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும், அதற்குரிய கிரிம்பரால்தான் அமுக்க வேண்டும், பிளையர்சால் அல்ல. மலையகத்தில் இதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு: காலையில் மூடுபனியில் இன்வெர்ட்டர் ஐசோலேஷன் ஃபால்ட் (கேபிளிலிருந்து மின்கசிவு) என்று காட்டிக்கொண்டு நிற்கும், 10 மணிக்கு ஈரம் காய்ந்ததும் தானாக ஓடும். ஆள் வந்து பார்க்கும்போது பிழையே தெரியாது. ஈரம் புகுந்த கனெக்டர், அல்லது கூரைச் சீட்டில் உரசித் தோல் கிழிந்த கேபிள். கேபிளைச் சீட்டில் கிடக்க விடாமல் ரெயிலோடு கட்டி, கூரைக்கு வெளியே வரும் பகுதியைக் குழாய்க்குள் போடச் சொல்லுங்கள். குரங்கு கடிப்பதற்கும் அதுதான் மருந்து.

சீட் கூரை. 550 வாட் பேனல் ஒன்று சுமார் 28 கிலோ, 2.6 சதுர மீட்டர். ரெயிலும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 15 கிலோ வரை. 10 பேனலுக்கு 280 சதுர அடி. போல்ட் மரத்தில் இறங்க வேண்டும், சீட்டில் மட்டும் நிற்கக் கூடாது. சீட் அலையின் மேட்டில்தான் துளை, பள்ளத்தில் போட்டால் முதல் மழைக்கே ஒழுகும். ரப்பர் வாஷர் ஈ.பி.டி.எம். வகையாக இருக்கட்டும். அஸ்பெஸ்டாஸை உலர்வாகத் துளைக்க விடாதீர்கள், தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு, மெதுவான டிரில்லில் செய்ய வேண்டும். சீட்டின் மேல் நேரே ஏறி நடக்க விடாதீர்கள், பலகை போட வேண்டும். வெடித்த சீட்டுக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி இங்கே பெரிது. டி.சி. பக்கமும் ஏ.சி. பக்கமும் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் (மின்னலால் வரும் திடீர் வோல்ட்டேஜை நிலத்துக்குத் திருப்பும் கருவி) வேண்டும். அது வேலை செய்ய எர்த் வேண்டும், 10 ஓமுக்குக் கீழே. பாறை நிலத்தில் ஒரு கம்பியை அடித்துவிட்டுப் போனால் 60, 80 என்று நிற்கும். இரண்டு மூன்று கம்பிகளை, கம்பியின் நீளத்தைவிடக் கூடிய இடைவெளியில் அடித்து, வெறும் செம்புக் கம்பியால் இணைத்து, குழியில் பெண்டனைட் களிமண் போட வேண்டும். அளந்த எண்ணை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.

டிக்கோயா_மேல்பிரிவு

நன்றி அண்ணே. கிழக்கு, மேற்கு இரண்டிலும் போட வேண்டுமா, ஒரு பக்கம் போதுமா?

கணக்கப்பிள்ளை

கிழக்கு போதும். நாம் 7 பாகை அகலாங்கில் இருக்கிறதால வடக்கு, தெற்கு பெரிய விஷயமில்லை. கிழக்கு, மேற்குதான் விஷயம். மலையகத்தில் வருஷத்தின் பெரும்பகுதி காலை தெளிவு, மதியத்துக்குப் பிறகு மேகம் ஏறும். அந்த வெயிலை வாங்குறது கிழக்குச் சரிவு. உங்க மேற்கில் மரமும் நிற்குது. கூரை செங்குத்தாக 25, 30 பாகை இருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிசு.

10 பாகைக்குக் குறைந்த சரிவில் போட வேணாம். தட்டையான பேனலின் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அந்தப் பச்சைக் கோடு கீழ் வரிசை செல்லை மறைத்தால் ஒரு விரல் அகலமே பேனலின் ஒரு பகுதியை முடக்கப் போதும். வருடத்துக்கு இரண்டு தடவை வெறும் தண்ணீரும் மென்மையான துடைப்பமும் போதும், சவர்க்காரத் தூள் வேணாம். ஏறுறதுக்கு முன்னாடி கீழே இருந்து பேனலுக்கு அடியில் குளவிக்கூடு இருக்குதா என்று பாருங்க. தோட்டப் பக்கம் இதை விளையாட்டாக எடுக்க முடியாது.

பொகவந்தலாவை_கீழ்க்கணக்கு

அண்ணே, நாங்க தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறோம். மாதம் 50, 55 அலகுதான். இரண்டு பேனல் போட்டால் பில்லே வராது, கடனுக்கும் போட்டுத் தரலாம் என்று ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனார். செய்யலாமா?

கம்பத்து_லைன்

வேண்டாம் தங்கச்சி. கடனுக்கு நிச்சயமாக வேண்டாம்.

60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்குச் சலுகை விலை. அந்தப் பில்லை முழுவதும் மிச்சம் பிடித்தாலும் பேனல், இன்வெர்ட்டர், மீட்டர் மாற்றம், சோதனை அறிக்கை இவற்றின் செலவு திரும்பாது. கடன் வட்டி அதற்கு மேல். கூரையும் தோட்டத்துடையது. கணக்கு உங்கள் பெயரில் இருந்தாலும், தோட்ட நிர்வாகத்தின் எழுத்து இல்லாமல் 20 வருட ஒப்பந்தத்துக்குப் போவது பிறகு வம்பு. பழைய லயன் கூரை மரமும் பாரம் தாங்காது.

நீங்கள் கவனிக்க வேண்டியது 60 என்ற கோடு. 61ஆவது அலகு விழுந்தால் அந்த ஓர் அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60க்கும் வேறு விலை. பழைய குண்டு பல்ப் இருந்தால் எல்.ஈ.டி. ஆக்குங்கள்.

கையில் காசு இருந்தால் வயரிங்குக்குப் போடுங்கள். ஒரு லைனை இழுத்து நாலு வீட்டுக்குப் பிரித்த பழைய கம்பிகளால் லயன்களில் தீப்பிடிக்கலாம். 30 மில்லி ஆம்பியர் டிரிப் ஸ்விட்ச், ஒழுங்கான எர்த், பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். டிரிப் ஸ்விட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பேனலைவிட அவசரம்.

நோர்வூட்_கரைப்பாதை

சோலார் இருந்தால் கரண்ட் போன நேரம் வீட்டில் வெளிச்சம் இருக்குமா? எங்கள் பக்கம் டர்பன்டைன் மரம் விழுந்து இரண்டு நாள் லைன் இல்லாமல் போவது மழைக்காலத்தில் வழக்கம்.

வயரிங்_மேசை

சாதாரண கிரிட் இன்வெர்ட்டரில் இருக்காது. லைன் செத்ததும் அதுவும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு உயிராபத்து. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பட்டரியும் வேண்டும்.

51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பட்டரி ஒன்று 5.12 அலகு. 90 வீதம் எடுத்தால் 4.6. எட்டு எல்.ஈ.டி., டி.வி., ரவுட்டர், பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து நாளைக்கு இரண்டே கால் அலகு. ஆக இரண்டு நாள் தாங்கும். கடும் மப்பிலும் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு ஓர் அலகு அளவு தரும் என்றால் 3 கிலோவாட் கூரை அந்தப் பிரிட்ஜையும் விளக்கையும் தொடர்ந்து ஓட்டும். ஷவர் ஹீட்டரை மட்டும் அந்தப் பக்கம் இணைக்க விடாதீர்கள்.

அவசியமான சுற்றுகளைத் தனி டி.பி.யில் (மின் பகிர்வுப் பெட்டியில்) பிரித்து இன்வெர்ட்டரின் பேக்கப் முனையில் போட வேண்டும். லைன் இல்லாத நேரம் அந்த இன்வெர்ட்டர் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கிறதா என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் பட்டரியில் ஓடும்போது டிரிப் ஸ்விட்ச் விழாது. கேட்ட கேள்விக்கு முழிப்பவரிடம் ஹைபிரிட் வாங்க வேண்டாம்.

கம்பத்து_லைன்

பட்டரிக்கு இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு நண்பகல், பாணந்துறை உப மின் நிலையக் கோளாறில் நாடு முழுதும் இருண்டது. விடுமுறை நாள், தேவை குறைவு, கூரைச் சூரியமின் பங்கு அதிகம். அப்படிப்பட்ட நேரத்தில் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடுவதால் ஒரு சிறு கோளாறும் அலைவெண்ணை வேகமாகக் கவிழ்த்துவிடும். அதே வருடம் ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டது. பகல் மின்சாரம் மலிந்துவிட்டது, இரவு மின்சாரம்தான் நாட்டுக்குத் தேவை. இன்று பட்டரி வாங்காவிட்டாலும், பிறகு பூட்டக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரை எடுப்பது நல்லது.

அடுத்து, காசு கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வீட்டு மீட்டரில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 230க்கு 6 வீதம் மேலே, கீழே என்பது வரம்பு, அதாவது மேல் எல்லை 243.8. டிரான்ஸ்போமருக்குத் தூரமான வீடுகளில், அதே லைனில் வேறு சோலாரும் இருந்தால், உங்களுடையது தொடங்கும் முன்பே 240 இருக்கும். நீங்கள் அனுப்பத் தொடங்கியதும் இன்வெர்ட்டர் வரம்பைத் தொட்டு நின்றுவிடும், நல்ல வெயிலில்தான் அதிகம் நிற்கும். அப்படி இருந்தால் முதலில் ஏரியா அலுவலகத்துக்கு எழுதுங்கள். டிரான்ஸ்போமரில் டாப் மாற்றி வோல்ட்டேஜைக் குறைப்பது, வீடுகளைப் பேஸ்களுக்குச் சமமாகப் பிரிப்பது அவர்கள் கையில் இருக்கிறது.

வயரிங்_மேசை

அதில் வீட்டுக்காரர் கையில் இருப்பது இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரையான வயர். 5 கிலோவாட் என்றால் 22 ஆம்பியர். 40 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் 8 வோல்ட் ஏறும், 6 போட்டால் 5.3, 10 போட்டால் 3.2. விலைத் தாளில் வயர் அளவு எழுதாதவர் 4 போடுவார். இன்வெர்ட்டர் அடிக்கடி நிற்கிறது என்று சொன்னதும், நிற்கும் வரம்பை உள்ளே புகுந்து உயர்த்திவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு. அது வீட்டு பிரிட்ஜையும் பக்கத்து வீட்டு டி.வி.யையும் எரிக்கும் வேலை. விடாதீர்கள்.

ஊவா_வெயில்

கம்பனியைத் தெரிவுசெய்வது பற்றி யாரும் நேராக எழுதவில்லையே. நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்த கம்பனியா என்று முதலில் பாருங்கள், பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது. பேனலுக்கு ஐ.ஈ.சி. 61215, 61730, இன்வெர்ட்டருக்கு 62109, 62116 சான்று. இவை எல்லோரிடமும் இருக்கும், இல்லாதவரிடம் பேச்சே வேண்டாம்.

உண்மையில் ஆளைக் காட்டுவது மூன்று இடம். வீட்டுக்கு வந்து கூரை மரத்தைத் தொட்டுப் பார்க்காமல், கூகுள் படத்தை வைத்து விலை அனுப்பியவரா? பழுது என்றால் எத்தனை நாளில், எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், கினிகத்தேனைக்கு மேலே வர வாகனச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் தருவாரா? கண்காணிப்பு ஆப்பின் உரிமையாளர் கணக்கை உங்கள் பெயரில் திறப்பாரா? கடைசியைப் பலர் கவனிப்பதில்லை. கணக்கு கம்பனி பெயரில் இருந்தால், அவர்கள் கடையை மூடும் நாளில் உங்கள் கூரை விபரமும் போய்விடும்.

உத்தரவாதப் பத்திரத்தில் ஒவ்வொரு பேனலின் தொடர் இலக்கமும் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். பேனல் ஏற்றும் முன் பின்புற இலக்கங்களைப் படம் எடுங்கள், ஏற்றிய பிறகு பார்க்க முடியாது. பணத்தில் 10 வீதத்தை, சபை மீட்டர் மாற்றி ஒப்பந்தம் கைக்கு வரும்வரை பிடித்து வையுங்கள். பொருத்தி முடித்துப் பணம் வாங்கியபின் விண்ணப்பத்தை மறந்துவிடும் கம்பனிகள்தான் இந்தத் தொழிலின் பெரிய தொல்லை.

வயரிங்_மேசை

அந்த 10 வீதத்தோடு சோதனைத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு தொடரின் திறந்த வோல்ட்டேஜ், கரண்ட், ஐசோலேஷன் 1 மெகா ஓமுக்கு மேல், எர்த் எத்தனை ஓம். அளந்த நேரமும் அப்போது வெயிலா மப்பா என்பதும். இரண்டு வருடம் கழித்துப் பிழை வந்தால் ஒப்பிட அதைவிட்டால் வேறு எதுவும் இருக்காது.

மஸ்கெலியா_ஓடை

காணிக்குள் வற்றாத ஓடை இருப்பவர்கள் சோலாருக்கு முன் அதைப் பார்க்க வேண்டும். வினாடிக்கு 10 லீட்டர், 20 மீட்டர் வீழ்ச்சி, பாதித் திறன் என்றாலும் ஏறக்குறைய 1 கிலோவாட். மழையிலும் இரவிலும் ஓடுவதால் மாதம் 700 அலகு. அதே 1 கிலோவாட் சோலார் இங்கே 90. பெப்ரவரி, மார்ச்சில் ஓடும் தண்ணீரை அளந்து கணக்குப் போடுங்கள், ஜூலையில் அளந்தால் ஏமாறுவீர்கள். தண்ணீரைத் திருப்பப் பிரதேச செயலகத்தில் கேட்டுச் செய்யுங்கள், கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

டிக்கோயா_மேல்பிரிவு

எல்லோருக்கும் நன்றி. 12 மாத அட்டவணையும் குளிர் வோல்ட்டேஜ் கணக்கும் மூவரிடமும் கேட்டேன். 600 சொன்னவர் பதில் தரவில்லை. 520 சொன்னவர் இப்போது 450 என்கிறார், காரணம் சொல்லவில்லை. 430 சொன்னவர் ஜூலைக்கு வெறும் 290 என்று போட்ட அட்டவணையை அனுப்பியிருக்கிறார். கிழக்கில் மட்டும் 6 பேனல், 3 கிலோவாட் ஹைபிரிட் என்று அவரிடமே புது விலை கேட்டிருக்கிறேன், தனியாகச் சோலார் ஹீட்டரும். கையெழுத்துக்கு முன் இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

வயரிங்_மேசை

6 பேனல் என்றால் 299 வோல்ட், குளிரில் 315. 550 வோல்ட் உச்சமுள்ள இன்வெர்ட்டருக்குப் பயமில்லை. உள்ளீட்டு ஆம்பியரை மட்டும் பாருங்கள். மீட்டர் வரை 6 சதுர மில்லிமீட்டர் வயர் என்று விலைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

எர்த்தை மழை நாளில் அளந்து காட்டினால் ஏற்க வேண்டாம். ஈர மண்ணில் எந்தக் கம்பியும் நல்ல எண் காட்டும். பெப்ரவரி, மார்ச்சில், மண் காய்ந்திருக்கும்போது இன்னொரு தடவை அளந்து, அப்போதும் 10க்குக் கீழே இருந்தால் மட்டும் மிச்சப் பணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். ஏப்ரல் இடி அந்தக் காய்ந்த மண்ணில்தான் முதலில் இறங்கும்.